சட்டப் பிரிவுக்கு வைத்த மொய்

தலவாக்கலையிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கிய சட்ட வாத்தியார், எங்கள் பெரட்டுக்களத்துப் பந்தலில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். பக்கத்தில் தலைப்பாகையோடு என் பெரியப்பா.

பெரட்டுக்களம் என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். மற்ற நாளெல்லாம் ஏச்சும் பேச்சும் கேட்கிற அந்த இடத்தில், அன்றைக்கு வாழைமரம் கட்டியிருந்தது. ஈர மண்ணின் மேல் வைக்கோல் போட்டிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் கருவாட்டுக் குழம்பு கொதித்து, அந்த வாசனை மேல் மலை வரைக்கும் ஏறியது.

ஒவ்வொருவராக வந்து தாம்பாளத்தில் பணம் வைத்தார்கள். கங்காணியான பெரியப்பாவுக்கு இயல்பாகவே ஒலிபெருக்கித் தொண்டை.

"மேக்கணக்கு காளிமுத்து, மொய் ரெண்டு ரூவா! பணியக்கணக்கு அஞ்சலை, மொய் ஒரு ரூவா!"

மேக்கணக்கும் பணியக்கணக்கும் தோட்டத்தின் மேல், கீழ்ப் பிரிவுகள். ஒவ்வொரு பெயருக்கும் சட்ட வாத்தியார் பாதி எழுந்து கும்பிட்டு, பிறகு உட்கார்ந்தார். பாவம், கடைசி ஆள் வரும்போது அவருடைய முழங்கால் என்ன பாடு பட்டிருக்குமோ! வந்தவர் கேட்டதோ நன்கொடை. நாங்கள் வைத்ததோ மொய். அந்த வித்தியாசம் அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன தடவை இந்தப் பத்தியில் நான் எழுதிய பள்ளிக்கூடத்து ஆட்டுக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அதெல்லாம் சரி, பல்கலைக்கழகத்துச் சட்டப் பிரிவுக்கும் உங்கள் தோட்டத்துக்கும் என்ன உறவு? அடிக்கடி சொல்கிறீர்களே!" என்று கேட்டிருக்கிறார். உறவு இந்த மொய்தான் ஐயா. சொல்கிறேன்.

பெட்டிக்குள் கிடந்த சட்டம்

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கினார்களே தவிர, கையில் காசில்லை. வாத்தியார்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். புத்தகங்கள் மட்டும் நடைபாதையில் பெட்டிபெட்டியாகக் கிடந்தன. அவற்றை வைத்துப் படிக்க ஒரு மண்டபம் வேண்டும். அதற்காக அங்கே படிப்பித்த ஒருவர் விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயரை நான் எழுதப்போவதில்லை. பத்திரிகையில் தன் பெயர் வருவது அவருக்கு ஆகாது. எங்களுக்கு அவர் சட்ட வாத்தியார், அவ்வளவுதான்.

தலவாக்கலையில் கடைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் அவர் பேசினார். கம்பளி வாங்கப் போன பெரியப்பா பின்வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். "நாளைக்குத் தோட்டத்துப் பிள்ளையளும் அங்க படிக்கலாம்" என்று வாத்தியார் சொன்னதும், பெரியப்பா முன்னால் வந்துவிட்டார்.

"அய்யா, எங்க தோட்டத்துக்கு வாங்க. நாங்க செய்றோம்."

எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் அப்போது இப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. கேட்பவரை அனுப்பிவிட்டு மறந்துபோகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் கொழுந்து எடுத்தால் கூலியை அன்றைக்கே கையில் தருவார்கள். அதற்குக் கைக்காசு என்று பெயர். மண்ணெண்ணெயும் கருவாடும் பிள்ளைகளுக்கு மிட்டாயும் அதில்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசைத் தோட்டம் முழுவதும் சட்டப் பிரிவுக்கு ஒதுக்கியது.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எங்கள் வழக்கம் புகுந்தது. எங்களுக்குக் காசு கொடுக்கத் தெரிந்தது இரண்டு விதம். சாமிக்கு என்றால் வரி. சொந்தக்காரனுக்கு என்றால் மொய். சட்டம் சாமி இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே மொய்.

மொய் வாங்குகிறவன்தான் விருந்து வைக்க வேண்டும். அது அவருக்கு எங்கே தெரியும்? அதனால் விருந்தையும் நாங்களே வைத்துக்கொண்டோம். வாங்கியவன் பிறகு நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சோறு சாப்பிட்டதும் கை கழுவ வேண்டும் என்று ஒரு பெரிய மனுஷருக்குச் சொல்லிக் கொடுப்பார்களா என்ன?

அன்றைக்கு அவருக்கு இலை போட்டது எங்கள் வீட்டில். பரிமாறியது அம்மா. அந்தக் காலத்தில் உத்தியோகத்தர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சாயத்தண்ணி என்கிற வெறுந்தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "இப்பத்தான் குடிச்சனான்" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவார்கள். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்பைப் பிசைந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை கையேந்தினார். அம்மா அடுப்படிக்குள் வந்து என் காதில், "நல்லா சாப்புடுறாரு பாரு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மிச்சத்தை எங்கே போட்டான்?

அம்மாவின் பெயர் மீனாச்சி. அப்பா நெஞ்சுவலியில் சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தாள். நான் அப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர்.

மொய் வைத்த அன்று முதலில் தாம்பாளத்துக்கு வந்தவள் அம்மாதான். அதற்கு முன்னால் அவள் வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி பிறந்தது நுவரெலியாவில்.

தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து, அதைக் கேட்டு எழுதிப்போட்டவர்களை விசாரணைக்குக் கூப்பிட்ட காலம் அது. அம்மாவோடு நானும் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். ஒருவர் தமிழில் சொன்னார். உன் அப்பா எங்கே பிறந்தார் என்று கேள்வி. அம்மா தன் அப்பா பிறந்த லயத்தைச் சொன்னாள். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் மழை ஒழுகுகிற மூலையைச் சொன்னாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயரைச் சொன்னாள். அந்தப் பிள்ளை வளர்ந்து எந்த மலையில் கன்று நட்டது என்று சொன்னாள். பேசிப் பேசி அவளுக்கு மூச்சு வாங்கியது. இடையில் நின்றவர் அதிகாரியிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது.

வெளியே வந்து அம்மா ஆத்திரத்தில் நடந்த நடை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"அவ்வளவு பேசினேன்ல? அந்தாளு ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டான். மிச்சத்தை எங்க கொண்டுபோய்ப் போட்டான்?"

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது.

அதனால்தான் அவள் சட்ட வாத்தியாரிடம் கேட்டாள். "அங்க படிச்சு வர்ற பிள்ளைங்க, நாங்க பேசுறதை முழுசா சொல்லுவாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுசாச் சொல்ல வேணும் எண்டுதான் படிப்பிக்கிறம், அம்மா."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

வகுப்புக்குள் தாம்பாளம்

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கந்தப்பளைப் பக்கம், தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை. ஆள் எனக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரே ஒரு சிக்கல்.

எங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் இந்தியாவில் திருச்சிப் பக்கம் பூர்வீக ஊரைப் பார்க்கப் போனவர், சட்டம் மாறியதும் திரும்பி வர அனுமதி கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். பட்டம் கட்ட ஆளில்லாத பெண் என்றால் பிறந்த வீடு இல்லாதவள் என்று அர்த்தம். அதை அம்மாவால் தாங்க முடியவில்லை. எனக்காக அழுததைவிட, தனக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தவன் என்று சொல்ல ஒருவனும் இல்லையே என்றுதான் அதிகம் அழுதாள்.

ஒருநாள் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல மொய் வாங்கினவங்களுக்கு வெத்தல பாக்கு வைப்போம்" என்றாள். யாருக்கு வைக்கப் போகிறாள் என்று புரிந்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"அம்மா, அது காலேஜு மாதிரி. அவங்க மொய்யெல்லாம் திருப்பிச் செய்ய மாட்டாங்க."

"வாங்கினாருல்ல? சும்மா இரு."

கடிதம் போட்டால் மரியாதை இல்லையாம். நேரில்தான் வைக்க வேண்டுமாம். மஞ்சள் சேலை கட்டி, தாம்பாளத்தைத் துணியில் மூடி, என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். கீழே இறங்க இறங்க வெயில் சுட்டது. கம்பளியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம்.

சட்டப் பிரிவைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். வாத்தியார் வகுப்பில் இருந்தார். வெளியே நிற்போம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளைச் சட்டைப் பையன்கள் எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு மூன்று பெண்களும் இருந்தார்கள். அம்மா தாம்பாளத்தின் துணியை எடுத்தாள். குங்குமமும் சந்தனமும் அந்த அறையில் மணந்தன.

"எம் மகளுக்குக் கல்யாணம். நீங்க எங்க மொய் வாங்கினவங்க. வந்துடணும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார். "மொய் வாங்கினா வரவேணுமோ?"

"வராம? நீங்க வாங்கிட்டீங்களே!"

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றது. எனக்கு விளங்கிய மட்டும் அதன் சாரம் இதுதான்: ஒரு மாதமாக உங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் படிப்பிக்கிறேன், எனக்குத் தெரியாமலே நான் ஒன்றில் அகப்பட்டிருக்கிறேன். பிறகு இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளையளுக்குச் சோதனைக் காலம், அம்மா. வரப்பாக்கிறன்."

வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பும் ரயிலில் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டாள்.

"அவரையே பட்டம் கட்டச் சொல்லுவோம்."

"அம்மா! அவரு யாரு, நம்ம யாரு? யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசரு. அதுவும் சர்ச்சுக்குப் போற வேதக்காரரு."

"நம்ம கையால சாப்பிட்டாருல்ல? அப்புறம் என்ன?"

ஜன்னலுக்கு வெளியே மலை ஏறிக்கொண்டிருந்தது. பட்டிப்பொல உச்சி வரைக்கும் ஏறுகிற வண்டி அது. நாங்கள் தலவாக்கலையில் இறங்கினோம். குளிர் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

என்ன முறை?

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாத நேரம், அடுப்பு மூட்டும் முன்பே, சட்ட வாத்தியார் வந்துவிட்டார். இரவு ரயிலில் வந்து, முதல் பஸ் பிடித்து, பாலத்தடியிலிருந்து நடந்திருக்கிறார். கால்சட்டையெல்லாம் சேறு. கையில் கல்யாணப் பரிசாக ஒரு பார்சல். அம்மா தலை முடியாமல் ஓடிவந்து, அவர் உட்காரும் முன்பே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"எங்க அண்ணன் அங்கிட்டு மாட்டிக்கிட்டாரு. நீங்கதான் பட்டம் கட்டணும்."

அவர் திகைத்துப்போனார். "உங்கட முறையள் எனக்குத் தெரியாதே, அம்மா."

"முடிச்சுப் போடத் தெரியும்ல? அது போதும்."

ஆனால் மணவறையில் அது அவ்வளவு லேசாக நடக்கவில்லை. அம்மா அவரைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தியதும், மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தினார். மேளம் நின்றது. என் மாமனார் கெட்டவர் இல்லை. முறை என்றால் அவருக்கு உயிர்.

"இவரு பொண்ணுக்கு என்ன மொறை?"

அம்மா வாயைத் திறந்தாள். நுவரெலியாவில் அவ்வளவு பேசியவள், அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் ஊமையாக நின்றாள். பட்டம் அவள் கையிலேயே இருந்தது. நான் குனிந்த தலையோடு அழுதுகொண்டிருந்தேன்.

வாத்தியார் ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ? மொய் ஆருக்கு வைப்பினம்?"

"சொந்தக்காரங்களுக்கு."

"எனக்கு வச்சவை. நான் வாங்கினனான். இந்த அம்மான்ர கையால சாப்பிட்டனான். இண்டைக்குத் திருப்பிச் செய்ய வந்திருக்கிறன். உங்கட கணக்கில நான் ஆர்?"

கூட்டத்தில் "அதானே" என்று பெரியப்பாவின் குரல். சிலர் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை.

"படிச்சவங்க, பேச்சுல மடக்கிட்டீங்க. மொறைங்கிறது பேச்சுல வர்றதில்ல அய்யா. நாளைக்கு இந்தப் பொம்பளைக்கு ஒன்னுன்னா, கூடப்பொறந்தவனா வந்து நிப்பீங்களா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் செருப்பில்லாத காலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் அம்மாவிடம் கையை நீட்டினார்.

"தங்கச்சி, பட்டத்தைத் தா."

மாமனார் மேளக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். வாத்தியார் எனக்குப் பட்டம் கட்டினார். முடிச்சை இறுக்கிவிட்டார், நெற்றி வலித்தது. நான் தளர்த்தச் சொல்லவில்லை.

பிறகு

அந்த மண்டபம் கட்டி முடிந்தது. கொடுத்தவர்களின் பெயரை ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பெரிய முதலாளிமார் எல்லோருக்கும் கீழே, ஆணி அடித்த மூலையில், எங்கள் தோட்டத்தின் பெயரும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா, "நம்ம ஆளுங்க பேரு ஒன்னு ஒன்னா போடாம என்ன மொய்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை வேலையை விட்டு நிறுத்தி, பத்துச்சீட்டு என்கிற விலக்கல் சீட்டைக் கொடுத்தார்கள். வாத்தியார் தன்னிடம் படித்த பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் சிங்களவன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் சொன்னதையெல்லாம் வாத்தியாரிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டு போய், விசாரணையில் ஒன்று விடாமல் சொன்னான். வேலை திரும்பக் கிடைத்தது. மூத்தவனுக்குக் காது குத்தியபோதும் வாத்தியார் வந்தார். தன் மனைவியையும் அழைத்து வந்தார். அம்மா அந்தப் பெண்மணியை "அண்ணி" என்று கூப்பிட்டு, பலாக்காயும் கிழங்கும் கட்டிக்கொடுத்தாள்.

அம்மா போனது ஒரு மழைக்காலத்தில். கொழுந்துக்குப் போய்விட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இந்த நாட்டு அரசாங்கமும் இந்தியாவும் எங்களில் யாருக்கு எத்தனை பேர் என்று பங்கு போடப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா எந்தப் பங்கிலும் சேராமல் போய்விட்டாள். தந்தி கொடுத்தோம், இந்தியாவுக்கும் வாத்தியாருக்கும்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அது விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். இந்தியாவிலிருந்து மாமா எப்படி வருவார்? அவர் பெயரைச் சொல்லிப் போர்த்திவிடலாம் என்று பெரியப்பா தன் காசிலேயே ஒரு சேலை வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.

வாத்தியார் மழையில் நனைந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தேவாலயத்துக்குப் போகிற வெள்ளை உடுப்பு. யாரிடமும் பேசாமல் அம்மாவின் தலைமாட்டுக்குப் போனார். சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு மஞ்சள் சேலை. அவருக்கு இந்த வழக்கத்தை நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்கேயோ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவர் அதை விரித்து அம்மாவின் மேல் போர்த்தி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தபோது, நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து கதறிவிட்டேன்.

பெரியப்பா தன் கையிலிருந்த சேலையைத் துணிப்பெட்டிக்குள் வைத்து மூடினார். வாசலுக்கு வந்து, மழையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு. தூக்கலாம்."